பைக்கில் பாலைவனம் கடக்கப் போகிறீர்களா? கணக்கிலிருந்து தொடங்குங்கள்

பாலைவனத்தை பைக்கில் கடக்க வேண்டும் என்ற ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த பைக் வாங்கலாம்?" என்றுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது யாராவது கேட்டால் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை கிலோ. இந்த மூன்றும் ஒத்துவந்தால் எந்த பைக் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் பாதையை மாற்ற வேண்டும், அல்லது கூடவே வர ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்ய வேண்டும்.

தார்ச் சாலையிலும் மண் சாலையிலும் நன்றாக ஓட்டத் தெரிந்து, மணலில் இதுவரை இறங்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்; செய்யும்போதும் இதே வரிசையில் செய்வது நல்லது.

எந்தப் பாலைவனம், எந்த மாதம்

பாலைவனம் என்றதும் மணல்தான் மனதில் வருகிறது. ஆனால் சகாராவிலேயே மணற்பரப்பு கிட்டத்தட்டக் கால் பங்குதான். மீதி பெரும்பாலும் கல்லும் சரளையும். அங்கே பயணம் செய்பவர்கள் சில அரபுச் சொற்களை அப்படியே பயன்படுத்துவார்கள், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். எர்க் என்றால் மணல் கடல். ரெக் என்றால் சரளைச் சமவெளி, வேகமாகப் போகலாம். ஹமாதா என்பது கல் மேடு. டயரையும் ரிம்மையும் பதம் பார்க்கும். சப்கா என்பது உப்புப் படிந்த சமநிலம். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. ஃபெஷ்-ஃபெஷ் என்பது மாவு போன்ற புழுதி, பார்த்தால் கெட்டி நிலம் போலவே இருக்கும். உங்கள் பாதையில் இவற்றில் எது எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எரிபொருள் கணக்கு, நாள் கணக்கு இரண்டுமே அதை வைத்துத்தான்.

மாதம் அடுத்தது. சகாராவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. தார் பாலைவனத்துக்கும் ஏறக்குறைய அதே மாதங்கள். கோபியில் குளிர்காலம் கொடுமையானது, அங்கே கோடையின் கடைசியில் போகிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்துக்கு மே முதல் செப்டம்பர் வரை; டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலுக்குப் பயந்து அந்தத் தேசியப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். நல்ல மாதத்தில் போனாலும் இரவில் குளிர் சுழியத்தை ஒட்டி இறங்கலாம் என்பதை மறக்காதீர்கள். பகல் வெயிலை மட்டும் நினைத்து மெல்லிய தூக்கப் பையோடு போய், விடிய விடிய நடுங்கியவர்கள் நிறைய.

முதல் தடவையே அகலக் கால் வைக்காதீர்கள். தெளிவான தடம் இருக்க வேண்டும், ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் 200, 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நாளுக்கு ஒன்றிரண்டு வண்டிகளாவது அந்தப் பக்கம் வர வேண்டும். முதல் பயணத்துக்கு நான் வைக்கும் அளவு இது.

பெட்ரோல் கணக்கு

தார்ச் சாலையில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கும் பைக், சுமையோடு மெத்தென்ற மணலில் இறங்கினால் 15க்கு வந்துவிடும். தாழ்ந்த கியர், காற்றுக் குறைந்த டயர், எந்நேரமும் இழுக்கும் எஞ்சின் என்று எல்லாமே பெட்ரோல் குடிக்கும். உங்கள் பைக்குக்கு இந்த எண் என்ன என்பதை வேறு யாரிடமும் கேட்க முடியாது. முழுச் சுமை ஏற்றி, நிஜமான மணலில் 50 கிலோமீட்டராவது ஓட்டி, டேங்கை மறுபடி விளிம்புவரை நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

சிம்ப்சனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேற்கே மவுண்ட் டேரில் பெட்ரோல் போட்டால் அடுத்தது கிழக்கே பேர்ட்ஸ்வில்லில்தான். நடுவே சுமார் 500 கிலோமீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள். லிட்டருக்கு 15 என்றால் 33 லிட்டருக்குச் சற்றுக் கூட. குன்று ஏற முடியாமல் திரும்பி ஓடிவந்து ஏறுவது, சுற்றுப்பாதை, சிந்துவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கால் பங்கு கூடுதல். ஆக 42 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 42 லிட்டர் 31 கிலோ.

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

பெட்ரோலை எதில் எடுத்துப் போவது? பெரிய டேங்க் மாட்ட முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. எடை நடுவிலும் தாழ்வாகவும் இருக்கும். மீதிக்கு எரிபொருளுக்கென்றே செய்த மடக்குப் பைகள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். பையில் இருப்பதை முதலில் டேங்கில் ஊற்றிக் காலி செய்யுங்கள், பின்பக்கச் சுமை சீக்கிரம் குறையும். வெயிலில் கேனுக்குள் ஆவி அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். தனிக் கேனில் நிரப்பும்போது அதைத் தரையில் வைத்து நிரப்புங்கள். சல்லடை வைத்த புனல் ஒன்று கட்டாயம். ஒதுக்குப்புற நிலையங்களில் பீப்பாயிலிருந்து கிடைக்கும் பெட்ரோலில் துருவும் தண்ணீரும் கலந்திருக்கலாம்.

தண்ணீர்

குளிர்ந்த மாதத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர், வெயில் என்றால் 10. குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்துத்தான். மணலில் பைக் ஓட்டுவது உடல் உழைப்பு. விழுந்த பைக்கை நாலு தடவை தூக்கியவருக்கு இது புரியும். சராசரியாக 8 லிட்டர், நான்கு நாள் என்றால் 32 லிட்டர். வண்டி நின்றுபோனால் காத்திருக்க இரண்டு நாளுக்கு 5 லிட்டர் வீதம் 10. மொத்தம் 42 கிலோ.

பெட்ரோலையும் கூட்டினால் 73 கிலோ. பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ஆயிரம் குன்று ஏறுவதற்குச் சமம். இன்னும் கருவி, டியூப், உணவு, படுக்கை எதுவும் ஏறவில்லை. சிம்ப்சனைக் கடக்கும் பைக்காரர்கள் பலர் கூடவே ஒரு நாலு சக்கர வண்டியைக் கொண்டுபோவது இதனால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணை வண்டி இல்லாமல் போக வேண்டும் என்றால் 250 கிலோமீட்டர் இடைவெளியுள்ள பாதையைத் தேர்ந்தெடுங்கள். இதே கணக்கைப் போட்டால் எல்லாம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

தண்ணீரை ஒரே கேனில் வைக்கக் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பயணத்தில் பின்பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவே பத்து லிட்டர் கேன் ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தேன். காலையிலிருந்து ஒரு போல்ட்டின் தலை அதன் அடியில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. மதியம் நிறுத்தியபோது கேன் லேசாக ஆடியது. அடியில் ஊசிமுனை அளவு துளை, பின் ஃபெண்டரில் காய்ந்த புழுதிமேல் ஈரக் கோடு. பாதித் தண்ணீர் போய்விட்டது. அன்றிலிருந்து நாலைந்து பைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, பைக்கின் இரு பக்கமும் வைக்கிறேன். ஒன்று முதுகில் குழாயோடு இருக்கும். பைக்கை விட்டு விலகி நடந்தாலும் அது என்னோடு வரும்.

குடிப்பதிலும் ஒரு முறை உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடக்கு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடலில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நிறுத்தி நிழலில் உட்கார்ந்து குடியுங்கள், அப்புறம் போகலாம்.

பைக்கில் என்ன செய்ய வேண்டும்

இந்தக் கணக்குக்குப் பிறகு பைக்கைப் பற்றிப் பேசினால் பதில் சுருக்கமாகவே இருக்கும்: நீங்கள் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய பைக். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 என்றால் மணலுக்கு ஏற்ற டயர் எளிதாகக் கிடைக்கும். 250 முதல் 500 சிசி வரை உள்ள ஒற்றைச் சிலிண்டர் பைக்குகள் புதியவர்களுக்குப் பொருத்தம். பெரிய அட்வென்ச்சர் பைக் சரளையில் சுகமாக ஓடும். மணலில் அதைப் புரட்டி நிமிர்த்த இரண்டு மூன்று பேர் வேண்டும்.

கவனம் அதிகம் தேவைப்படும் இடம் ஏர் ஃபில்டர். எஞ்சினுக்குள் போகும் தூசி, பிஸ்டனையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும். எண்ணெய் தடவிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு மூன்றை முன்கூட்டியே தயார் செய்து பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். தினமும் மாலை ஒன்றை மாற்றுங்கள். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவினால் அந்த இடுக்கு வழியே தூசி புகாது. மாற்றும்போது உள்ளே கைக்குட்டையை அடைத்துவிட்டு அப்புறம் துடையுங்கள், உதிரும் மணல் உள்ளே விழக்கூடாது.

செயினுக்கு ஒட்டும் தன்மையுள்ள மசகு (லூப்) அடிக்காதீர்கள். மணல் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரைக்கும். மணலில் காய்ந்த செயினே மேல்.

கிளட்ச் இரண்டாவது பலவீனம். சிக்கிய பைக்கைக் கிளட்ச் பாதி பிடித்தபடி முறுக்கிக்கொண்டே இருந்தால் கருகும் வாசனை வரும். வந்தால் உடனே நிறுத்தி, ஆறவிட்டு, கையால் மணலைத் தோண்டுங்கள். கிளட்ச் பிளேட் ஒரு செட், கிளட்ச் கேபிள், இரண்டு லீவர்கள் கூடுதலாக வேண்டும். இவற்றோடு டியூப்கள், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், டயர் லீவர், சின்ன கம்ப்ரெஸர் அல்லது கைப்பம்ப், செயின் இணைப்புக் கண்ணி, ஃப்யூஸ், ஸ்பார்க் பிளக், இரண்டு கலவை எபாக்ஸி, கம்பி, ஜிப் டை, இழுக்கும் பட்டை. பைக்கோடு வந்த கருவிகள் போதாது. உங்கள் பைக்கின் ஒவ்வொரு நட்டும் எந்த அளவு என்று பார்த்து அதற்கான ஸ்பேனரை மட்டும் எடுங்கள். பஞ்சர் ஒட்டுவதை வீட்டில் மூன்று தடவை செய்துபாருங்கள், ஒரு தடவையாவது வெயிலில்.

சைடு ஸ்டாண்டின் அடியில் அகலத் தகடு மாட்டுங்கள். இல்லாவிட்டால் மணலில் புதைந்து பைக் சாய்ந்துகொண்டே இருக்கும்.

டயர் காற்று

மணலில் இறங்குமுன் காற்றை இறக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் விரிந்து மணலின்மேல் படகுபோல் மிதக்கும். சாலையில் 30 பிஎஸ்ஐ வைப்பவர்கள் இலகுவான பைக்கில் 12 முதல் 15 வரை இறக்கலாம், கனமான பைக்கில் 18, 20. அந்த அளவில் டயர் ரிம்மில் வழுக்கி டியூப் வால்வைப் பிய்க்காமல் இருக்க ரிம் லாக் போடுங்கள். அதே காற்றோடு கல் தரையில் வேகமாகப் போனால் ரிம் நெளியும், டியூப் கிள்ளுப்படும். எனவே மணல் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் நின்று மறுபடி ஏற்றுங்கள். சோம்பலில் இதை விட்டவர்கள்தான் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டுகிறார்கள். அளவு பார்க்கும் கேஜ் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

மணலில் ஓட்டப் பழகுவது

புறப்படும் முன் குறைந்தது நாலைந்து நாள் இதற்கென்றே ஒதுக்குங்கள். வண்டி ஓட்ட அனுமதியுள்ள மணற்பரப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் போங்கள்; முதல் இரண்டு நாள் சுமை இல்லாமல், அப்புறம் முழுச் சுமையோடு.

ஃபுட்ரெஸ்டில் எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி டேங்கை அணைக்கட்டும், இடுப்பு சற்றுப் பின்னால். ஹேண்டில்பாரை இறுகப் பிடிக்கக் கூடாது; முன்சக்கரம் இடமும் வலமும் ஆடும், ஆடட்டும். புதியவர்களுக்கு வரும் பயம் இந்த ஆட்டத்தில்தான். பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் போய், முன்சக்கரம் புதைந்து, விழுவீர்கள். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் முன்பக்கம் எழும்பி ஆட்டம் அடங்கும். மனம் சொல்வதற்கு நேரெதிராகக் கை செய்ய வேண்டும், அதனால்தான் நாலைந்து நாள் கேட்கிறேன். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டாலே மணல் நிறுத்திவிடும். நிறுத்தும் இடம் சரிவாக, கீழ்நோக்கி இருந்தால் மறுபடி கிளம்புவது சுலபம்.

மணற்குன்றில் வேகத்தைக் கீழேயே எடுத்துக்கொண்டு, ஏறும்போது கியர் மாற்றாமல், உச்சி நெருங்கும்போது குறைத்து, மேலே ஏறி நின்று பார்க்க வேண்டும். காற்று வீசும் பக்கம் சரிவு மெதுவாக இருக்கும். மறுபக்கம் மணல் தானாகச் சரிந்து நிற்கும் செங்குத்து, 30 பாகைக்கு மேலேயே இருக்கும். சிம்ப்சனில் கிழக்குச் சரிவுதான் செங்குத்து, அதனால் மேற்கிலிருந்து கிழக்காகப் போவது எளிது என்பார்கள். உச்சியைப் பறந்து கடப்பது படங்களுக்கு அழகு. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் அது முதுகெலும்பைப் பறிக்கும். எதிரே இன்னொரு வண்டி ஏறிக்கொண்டிருக்கலாம். சிம்ப்சனில் ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கொடி கட்ட வேண்டும் என்பது இதற்காகவே. இறங்கும்போது நேராக, இரண்டாம் கியரில், எஞ்சின் பிடிப்போடு இறங்குங்கள். குறுக்கே திருப்பினால் புரளும்.

அச்சுவரை புதைந்துவிட்டதா? எஞ்சினை அணையுங்கள். பைக் சாயாமல் அப்படியே நிற்கும், முதலில் தண்ணீர் குடியுங்கள். பெட்ரோல் குழாய் இருந்தால் மூடுங்கள். ஒரு பக்கம் நின்று பைக்கை மெதுவாகப் படுக்க வையுங்கள். பின்சக்கரம் குழியிலிருந்து வெளியே வந்துவிடும். அந்தக் குழியைக் காலால் மணல் தள்ளி நிரப்புங்கள். குன்றின் நடுவே என்றால் படுத்த நிலையிலேயே முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்து, அது கீழ்நோக்கிப் பார்க்கும்படி சுழற்றுங்கள். அப்புறம் நிமிர்த்தி, இரண்டாம் கியர் போட்டு, பக்கத்தில் நடந்தபடியே கிளட்சை மெதுவாக விடுங்கள், ஓட ஆரம்பித்ததும் ஏறலாம். முறுக்கி முறுக்கிப் பார்த்தால் சக்கரம் இன்னும் ஆழமாகத் தோண்டும். நான் முதன்முதலில் சிக்கியபோது இருபது நிமிடம் முறுக்கினேன். படுக்க வைத்து எடுக்க நாலு நிமிடம் போதுமாக இருந்தது.

வழி

ஜிபிஎஸ் ஒன்று ஹேண்டில்பாரில், இன்னொன்று பையில் அணைத்து வைத்தபடி, ஃபோனில் இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம், காகித வரைபடமும் காம்பஸும். தடத்தின் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது பாதையின் புள்ளிகள் அடங்கிய கோப்பை, எல்லாக் கருவிகளிலும் ஏற்றுங்கள். யாரோ கொடுத்த தடத்தை அப்படியே நம்பாமல் சாட்டிலைட் படத்தில் வைத்துப் பாருங்கள். மணற்குன்று நகரும்.

ஒரு சின்ன விஷயம் பெரிய ஆபத்து: ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) எழுதும் முறை. 27.5 பாகை என்றால் 27 பாகை 30 நிமிடம். அதை 27 பாகை 50 நிமிடம் என்று ஏற்றிவிட்டால் வடக்கு தெற்காக 37 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவீர்கள். கூட வருபவர்கள் எல்லாரும் ஒரே வடிவத்தில் வைத்து, கிளம்பும் முன் கிணறு, சந்திப்பு, பெட்ரோல் நிலையம் எல்லாவற்றையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள்.

1977இல் தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் அபிஜான்–நீஸ் பந்தயத்தில் பைக்கோடு லிபியப் பாலைவனத்தில் வழிதவறிப் போனார். தப்பி வந்தவர் அடுத்த ஆண்டு டிசம்பரில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தைத் தொடங்கினார். பந்தயங்களில் இன்று தேடப் போக ஹெலிகாப்டர் இருக்கிறது. நம்மிடம் இருப்பது நாம் சொல்லிவிட்டு வந்த திட்டம் மட்டும்தான்.

செய்தித் தொடர்பும் காகிதங்களும்

அந்தத் திட்டத்தை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள். பாதை, தேதி, ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், பைக்கின் நிறம், எத்தனை நாளுக்குத் தண்ணீர் இருக்கிறது என்பது. இவற்றைவிட முக்கியம், எந்த நாள் எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பது. நேரம் குறிக்காவிட்டால் அவர், "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தயங்கியே ஒரு நாளைக் கழித்துவிடுவார்.

கருவிகளில் இரண்டு வகை. பிஎல்பி என்ற சின்னப் பெட்டி 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற மீட்பு அமைப்பின் சாட்டிலைட்டுகளுக்கு அபாயச் செய்தி அனுப்பும். சந்தா கிடையாது; இயக்கினால் குறைந்தது 24 மணி நேரம் அந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும், ஆனால் பேச முடியாது. முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இன்னொன்று கார்மின் இன்ரீச் போன்ற செய்திக் கருவி. ஐரிடியம் சாட்டிலைட் வழியே இருபக்கமும் எழுத்துச் செய்தி போகும், சந்தா உண்டு. "கிளட்ச் போய்விட்டது, உயிருக்கு ஆபத்தில்லை, உதிரிபாகம் வேண்டும்" என்று சொல்ல இதுதான் உதவும். முடிந்தால் இரண்டும். பிஎல்பி உங்கள் உடம்பில் இருக்கட்டும். பைக்கில் கட்டி வைத்து, குன்றின் அந்தப் பக்கம் கால் ஒடிந்து கிடந்தால் அது எட்டாது.

ஆனால் எல்லா நாடுகளிலும் இவற்றைக் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் அரசின் முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் ஃபோன் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டினர் உண்டு. போகும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காகிதங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். சொந்த பைக்கோடு எல்லை தாண்ட எகிப்து போன்ற நாடுகள் கார்னே என்ற சுங்க ஆவணம் கேட்கும். பைக்கைத் திரும்பக் கொண்டுபோய்விடுவீர்கள் என்பதற்கான உத்தரவாதம் அது. அல்ஜீரியாவின் தென்பகுதியில் பதிவுபெற்ற நிறுவனத்தின் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் போக முடியாது. காப்பீட்டில் நீங்கள் ஓட்டும் சிசி அளவும், சாலை இல்லாத இடமும், அடிபட்டால் உங்களை விமானத்தில் ஏற்றிச் செல்வதும் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். எல்லைப் பகுதிகளில் கண்ணிவெடி இருக்கலாம். மொராக்கோவுக்கும் மொரிட்டானியாவுக்கும் இடைப்பட்ட பகுதியிலும், எகிப்தில் எல் அலமைன் சுற்றுவட்டாரத்திலும் இன்னும் இருக்கின்றன. அங்கெல்லாம் சிறுநீர் கழிக்கக்கூட வண்டித் தடத்தை விட்டு இறங்கக் கூடாது.

எங்கே திரும்புவது

இதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், எண்ணாக எழுதுங்கள். பாதி தூரம் வருமுன் பெட்ரோல் பாதிக்குக் கீழே போனால் திரும்புவோம். ஆளுக்கு 12 லிட்டர் தண்ணீருக்குக் கீழே வந்தால் திரும்புவோம். மூன்றாம் நாள் மதியத்துக்குள் இன்ன சந்திப்பை எட்டாவிட்டால் திரும்புவோம். யாருக்காவது தலைசுற்றலும் குழப்பமான பேச்சும் வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. களைத்துப்போய் வெயிலில் நிற்கும்போது நாலு பேர் விவாதித்து எடுக்கும் முடிவு எப்போதும், "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்பதாகவே இருக்கும். அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று நாங்கள் கடைசி இரண்டு லிட்டரோடு ஒரு வண்டி வரக் காத்துக்கிடந்தோம். இப்போது அந்தக் காகிதத்தை டேங்க் பையின் மேலுறையில், ஓட்டும்போதே கண்ணில் படும்படி வைக்கிறேன்.

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை. ஒருவர் அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் உதவி தேடலாம். குன்றில் முன்னால் போனவர் தெளிவாகக் கடந்த பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். பின்னால் வருபவர் கண்ணில் படாவிட்டால் முன்னால் போகிறவர் நின்றுவிட வேண்டும்.

பாலைவனத்தில் ஒரு நாள்

விடியுமுன் எழுந்து, வெளிச்சம் வந்ததும் ஓட்டத் தொடங்குங்கள். இரவுக் குளிரும் பனியும் பட்ட மணல் காலையில் இறுகியிருக்கும். சாய்ந்த வெயிலில் மேடு பள்ளத்தின் நிழல் தெரியும். உச்சி வெயிலில் நிழலே இருக்காது, கண்ணெதிரே இருக்கும் இரண்டடிக் குழிகூடத் தெரியாது. பதினொன்று மணிக்கு நிறுத்தி, நிழல் கட்டிப் படுத்து, மூன்றரைக்கு மேல் கிளம்பி, இருட்டுமுன் முகாம் போடுங்கள். குன்றுகளில் நாளுக்கு 100, 120 கிலோமீட்டர் என்றால் நல்ல நாள்.

காற்றுச் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஜாக்கெட்டின் காற்றுத் துளைகளைத் திறந்துவிடுவது தப்பு. தோலைவிடச் சூடான காற்று உடலைச் சூடாக்கி வியர்வையையும் உறிஞ்சிவிடும். உள் சட்டையை நனைத்து, மேலே ஜாக்கெட்டை மூடிக்கொள்ளுங்கள், துளைகளில் ஒன்றிரண்டு மட்டும் லேசாகத் திறந்திருக்கட்டும். உடல் தீயாகச் சுட்டு, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடை தளர்த்தி, உடம்பு முழுக்க நீர் தெளித்து விசிறுங்கள், உடனே உதவி கேளுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள்.

மணல் புயல் வந்தால் நின்றுவிடுங்கள். பைக்கைப் போகும் திசை பார்த்து நிறுத்தி, அதன் மறைவில் முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்காருங்கள். முகாமை வறண்ட ஓடைப் படுகையில் போடக் கூடாது. எங்கோ தொலைவில் பெய்த மழை இரவில் வெள்ளமாக வரும். பூட்ஸைக் காலையில் தலைகீழாகத் தட்டிவிட்டு மாட்டுங்கள், தேள் இருக்கலாம்.

வண்டி நின்றுவிட்டால்

பைக்கை விட்டுப் போகாதீர்கள். வானத்திலிருந்து தேடுபவர்களுக்கு நடந்துபோகும் ஆளைவிட பைக் எளிதாகத் தெரியும், அதில் தண்ணீரும் நிழலும் கண்ணாடியும் இருக்கின்றன. பின்பார்வைக் கண்ணாடியைக் கழற்றினால் வெயிலில் பல கிலோமீட்டர் தெரியும் ஒளி கிடைக்கும். முதலில் நிழல், அப்புறம் செய்தி, அப்புறம்தான் பழுது பார்ப்பது. நடுப்பகலில் பழுது பார்த்தால் ஒரு லிட்டர் வியர்வை போய்விடும். அதே வேலையை மாலையில் செய்யலாம்.

வந்து சேர்ந்ததும்

தார்ச் சாலை தொடங்கும் இடத்தில் நின்று டயரில் காற்றேற்றுங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், ஸ்போக்குகளைத் தட்டிப் பாருங்கள். ஏர் ஃபில்டரை அன்றே மாற்றுங்கள். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு தண்ணீர் மிஞ்சியது என்று அளந்து, புறப்படும்போது போட்ட கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த பாதைக்கு அதுதான் உங்கள் சொந்த எண். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு "வந்து சேர்ந்துவிட்டோம், எல்லாரும் நலம்" என்று செய்தி அனுப்பிவிடுங்கள்.